கிராண்ட் கேன்யனில் நாமாகவே படகோட்டிப் போவது எப்படி: பர்மிட் முதல் கரையேறும் வரை

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் ஓடும் கொலராடோ ஆற்றில், சுற்றுலா நிறுவனம் எதையும் நம்பாமல், நண்பர்கள் சேர்ந்து தாங்களே ராஃப்ட்டும் (காற்றடைத்த பெரிய ரப்பர் படகு) கயாக்கும் (ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்டிப் போகலாம் என்பது எனக்குப் பல வருடங்கள் தெரியாது. தெரிந்த பிறகு, பர்மிட் கிடைக்கவே நான்கு முறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கிடைத்த பிறகு, தயாராக ஒன்பது மாதம் போதவில்லை. ஓர் அக்டோபரில் 12 பேர், நான்கு ராஃப்ட், மூன்று கயாக் என்று கிளம்பி 16 நாள் ஆற்றிலேயே இருந்துவிட்டு வந்தோம். போகும் முன்பு யாராவது இதையெல்லாம் தமிழில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

கிளம்பும் இடம் லீஸ் ஃபெரி. அங்கே ஆற்று மைல் கணக்கு பூஜ்யம். கரையேறும் இடம் பெரும்பாலும் டயமண்ட் க்ரீக், 226-ஆவது மைல், அதாவது சுமார் 364 கிலோமீட்டர். இடையில் சாலை கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது, பாதியில் ‘போதும், வீட்டுக்குப் போகிறேன்’ என்று சொல்லவும் வழி மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. முதலில் ஆட்கள், அப்புறம்தான் விண்ணப்பம்

நாங்கள் செய்த முதல் தவறு, பர்மிட் கிடைக்கட்டும், ஆள் சேர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது. உற்சாகத்தில் இருபது பேர் கை தூக்குவார்கள். பணம் கட்டும் நாளில் எட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பவர்களை ஆரம்பத்திலேயே அன்பாக விலக்கிவிடுங்கள். அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

விடுப்புக் கணக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆற்றில் 16 நாள், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள், ஆக மொத்தம் 20 நாள். இந்த நாட்களில் லேப்டாப் திறக்க முடியாது, அலுவலக அவசர அழைப்புக்கான ‘ஆன்கால்’ எடுக்க முடியாது, ஊரில் அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே கிளம்பவும் முடியாது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். குழுவில் ஒருவராவது இதே தரத்துப் பெரிய ஆறுகளில் படகோட்டி, முதலுதவி தெரிந்து, படகைப் பழுது பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா நிர்வாகம் இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. என் கருத்து இதைவிடக் கடுமையானது: ஒவ்வொரு ராஃப்ட்டுக்கும் பெரிய நீரில் துடுப்புப் போட்டுப் பழகிய ஒருவர் வேண்டும். நான்கு ராஃப்ட் என்றால் நான்கு பேர். அனுபவசாலியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இது வணிக நோக்கற்ற பர்மிட், கூலிக்கு வழிகாட்டி வைத்தால் விதிமீறல். எங்களுக்குத் துணையாக வந்த இருவரும் உள்ளூர் கயாக் கிளப்பில் இரண்டு வருடம் கூடவே படகோட்டிப் பழகிய நண்பர்கள். அப்படித்தான் ஆள் கிடைக்கும், வேறு குறுக்குவழி இல்லை.

2. குலுக்கலில் பெயர் கொடுப்பது

பர்மிட் குலுக்கல் முறையில் தரப்படுகிறது. அடுத்த ஆண்டுப் பயணங்களுக்கான பெரிய குலுக்கல் ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி வாக்கில் நடக்கும். தேசியப் பூங்காவின் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, வேண்டிய தேதிகளைக் கொடுக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 25 டாலர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது.

பர்மிட்டில் இரண்டு வகை. 8 பேர் வரை சிறிய குழு, 16 பேர் வரை பெரிய குழு. வெற்றி பெற்றால் சிறிய குழுவுக்கு 200 டாலரும் பெரிய குழுவுக்கு 400 டாலரும் முன்பணமாகக் கட்ட வேண்டும். நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணமும் போய்விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம், வருடம் முழுக்க நடக்கும் சிறு குலுக்கல்கள். யாராவது பயணத்தை ரத்து செய்தால் அந்தத் தேதி மறுபடி குலுக்கலுக்கு வரும், கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு வரும். எங்கள் அக்டோபர் தேதி அப்படிக் கிடைத்ததுதான். ஜனவரியில் ஒரு காலை மின்னஞ்சல் வந்தது, அன்றைக்கே விண்ணப்பித்தோம். அறிவிப்பு வந்ததும் முடிவெடுக்கத் தயாராக இருக்கும் குழுவுக்குத்தான் இது உதவும். முதல் பகுதியில் ஆட்களைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

மாற்றுத் தலைவர்: விண்ணப்பத்தில் ‘பொட்டென்ஷியல் ஆல்டர்னேட் ட்ரிப் லீடர்’ என்று ஓர் இடம் இருக்கும். பயணத் தலைவருக்கு ஏதாவது ஆகி வர முடியாமல் போனால், அங்கே பெயர் இருப்பவர்தான் பர்மிட்டை எடுத்துக்கொள்ள முடியும். விண்ணப்பிக்கும்போதே சேர்க்க வேண்டும், ஜெயித்த பிறகு புதிதாக ஒருவரைச் சேர்க்க முடியாது. ஒருவர் பெயரை மட்டும் நம்பி 12 பேரின் விடுப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

வாய்ப்புப் புள்ளி: அண்மையில் இந்த ஆற்றில் போய்வந்தவருக்குக் குலுக்கலில் வாய்ப்பு குறைவு, பல வருடங்களாகப் போகாதவருக்கு அதிகம், உச்சம் 5. போன வருடம்தான் போய்வந்த நண்பரை மாற்றுத் தலைவராகப் போட்டால் மொத்த விண்ணப்பத்தின் வாய்ப்பும் சரியும். அவரைச் சாதாரண உறுப்பினராக அழைத்துப் போங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை: ஒருவர் ஒரே காலண்டர் ஆண்டில் ஒரு பொழுதுபோக்கு ஆற்றுப்பயணம்தான் போகலாம். சுற்றுலா நிறுவனத்தோடு போன பயணமும் இந்தக் கணக்கில் சேரும். எங்கள் குழுவில் ஒருவர் இதனால்தான் கழன்றுகொள்ள வேண்டியதாயிற்று.

3. எந்த மாதம்?

கோடையில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, பயணம் அதிகபட்சம் 16 நாள்தான். குளிர்காலத்தில் 25 நாள் வரை போகலாம். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கரைப்பாறை ராத்திரியிலும் சுடும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை திடீர் மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும், எங்கோ மேலே பெய்த மழை பக்கத்து ஓடையில் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வரும். ஓடை வாயில் கூடாரம் போடவே கூடாது. வசந்த காலத்தில் எதிர்காற்று. துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தாலும் படகு நின்ற இடத்தில் நிற்கும்.

செப்டம்பர் 16 முதல் மார்ச் 31 வரை மோட்டார் படகுகளுக்கு அனுமதி இல்லை. அந்த அமைதிக்காகவே நான் செப்டம்பர் கடைசியையும் அக்டோபரையும் சொல்வேன். நவம்பருக்கு மேல் போட்டி குறைவு, பர்மிட் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆழமான பகுதிகளில் நாள் முழுக்க வெயிலே படாது. நனைந்த உடையோடு நிழலில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

4. பெயரும் அடையாள அட்டையும்

மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நம்மவர்களுக்கு ஒரு வரி போதாது.

குழுவில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும் பூங்காவிடம் முன்கூட்டியே பதிவாக வேண்டும். கிளம்பும் இடத்தில் ரேஞ்சர் (பூங்காக் காவல் அதிகாரி) ஒவ்வொருவரின் அரசு அடையாள அட்டையையும் வாங்கி, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நம் பெயர்களின் கதைதான் தெரியுமே. தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு விதம், ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு விதம், நண்பர்கள் கூப்பிடுவது மூன்றாவது விதம்.

எங்கள் குழுவில் ஒருவரின் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கிறது. அதனால் ஓட்டுநர் உரிமத்தில் முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று போட்டுவிட்டார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். நான் பட்டியலில் அவரை இனிஷியலோடு, கூப்பிடும் பெயரில் பதிந்திருந்தேன். கிளம்பும் நாள் காலை எட்டு மணி. படகெல்லாம் கட்டி முடித்து, கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. ரேஞ்சர் பட்டியலைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார், மறுபடி பட்டியலைப் பார்க்கிறார். நண்பர் கையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அவர் பாஸ்போர்ட் நகல் என் மின்னஞ்சலில் இருந்தது, ஆனால் அங்கே சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. நல்லவேளை, ஒருவரின் போனில் அந்தப் பாஸ்போர்ட் பக்கத்தின் படம் சேமித்து வைத்திருந்தது. பிறந்த தேதி, படம் எல்லாம் பொருந்தியதால் அனுமதித்தார். அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். தவறு என்னுடையது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆற்றங்கரையில் எந்த அட்டையைக் காட்டப் போகிறார்களோ, அதன் படத்தை ஒவ்வொருவரிடமும் வாங்குங்கள். அதில் உள்ள எழுத்தை அப்படியே, இடைவெளி உட்படப் பார்த்துப் பதியுங்கள். அட்டையின் காலாவதி தேதியையும் பாருங்கள். விசா புதுப்பிப்பில் இருப்பவர்களுக்கு ஓட்டுநர் உரிமமும் சேர்ந்தே காலாவதியாகும். பாஸ்போர்ட்டைத்தான் காட்டப் போகிறார் என்றால் அது 16 நாளும் படகில் கூடவே வரும், தண்ணீர் புகாத உறைக்குள் இன்னோர் உறை போட்டு, கவிழ்ந்தாலும் போகாதபடி கட்டி வைக்க வேண்டும். எல்லோருடைய ஆவண நகலும் இரண்டு போன்களிலும் ஒரு காகிதக் கட்டிலும் இருக்கட்டும்.

பெயர்ப் பட்டியலுக்கும் மீதிப் பணத்துக்கும் கெடு தேதி உங்கள் பர்மிட் கணக்கிலேயே காட்டும். அதற்கு இரண்டு வாரம் முந்திய தேதியை உங்கள் குழுவுக்குக் கெடுவாகச் சொல்லுங்கள்.

5. எவ்வளவு செலவாகும்?

எங்களுக்கு ஒருவருக்குச் சுமார் 1,900 டாலர் ஆனது. விமான டிக்கெட்டும் சொந்த உடுப்பும் இதில் சேராது. இதில் பாதிக்கு மேல் படகு, துடுப்பு, சமையல் சாமான், கழிப்பறைப் பெட்டி ஆகியவற்றின் வாடகை. அடுத்தது சாப்பாடு. பிறகு பூங்காவின் ஆள்வீதக் கட்டணம், லீஸ் ஃபெரிக்கும் டயமண்ட் க்ரீக்கிலிருந்து திரும்பவும் வண்டி, வாலபை பழங்குடியினரின் நிலத்தில் கரையேறும் கட்டணம். கடைசியில் சொன்னது பூங்காக் கட்டணத்தில் அடங்காது, தனியாக அவர்களிடம்தான் கட்ட வேண்டும். ஆளுக்கும் உண்டு, வண்டிக்கும் உண்டு. நாங்கள் இதை வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்க மறந்து, கடைசி வாரத்தில் எல்லோரிடமும் மறுபடி கை நீட்டினோம்.

செலவைச் சமமாகப் பங்கிட வேண்டும், யாரும் லாபம் பார்க்கக் கூடாது. இது நட்புக்காகச் சொல்வதல்ல, பர்மிட்டின் விதி. பயணத் தலைவர் தன் உழைப்புக்கென்று கூடுதலாக ஒரு தொகை சேர்த்து வாங்கினால் அது வணிகப் பயணமாகிவிடும். எல்லோரும் பார்க்கும்படி ஒரே கணக்குத் தாள் வையுங்கள், ரசீதுகளைப் படம் எடுத்து அதிலேயே போடுங்கள்.

காப்பீடு: பள்ளத்தாக்கில் எலும்பு முறிந்தால் வெளியே போக ஹெலிகாப்டர்தான். அதற்குப் பிறகு மருத்துவமனைக்கு ஏர் ஆம்புலன்ஸ் என்றால் பெரும் தொகை. உங்கள் மருத்துவக் காப்பீடு அதை எந்த அளவுக்கு ஏற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த உறவினரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அவர் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள்.

6. படகும் சாமானும்

ராஃப்ட்டுகளைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர்ப் பக்கம் மொத்தமாக வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு 18 அடி ராஃப்ட்டைத்தான் சொல்வேன். கனமாக இருக்கும், திருப்பக் கஷ்டம், ஆனால் பெரிய அலையில் கவிழும் வாய்ப்பு குறைவு. வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றையும் காற்றடைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அங்கே முடியாவிட்டால் லீஸ் ஃபெரியில் முதல் வேலையாகச் செய்யுங்கள். எங்கள் ஒரு படகில் வால்வு கசிந்தது இப்படித்தான் தெரிந்தது, கிளம்பும் முன்பே மாற்றினோம்.

பூங்கா தரும் கட்டாயச் சாமான் பட்டியலை அச்சடித்து, ஒவ்வொன்றாகக் குறியிட்டு எடுத்து வையுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதற்கு மேல் உபரி, உபரித் துடுப்புகள், பழுது பார்க்கும் பெட்டி, பம்ப், பெரிய முதலுதவிப் பெட்டி, சமிக்ஞைக் கண்ணாடி, நெருப்புத் தட்டு, கழிப்பறை எல்லாவற்றையும் ரேஞ்சர் கண்ணால் பார்ப்பார். சாட்டிலைட் போனும் எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இரு பக்கமும் சுவர் எழும்பி வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடங்களில் அழைப்பு பாதியில் அறுந்துபோகும்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. முதல் வாரத்துக்கு ஐஸ்பெட்டியில் காய்கறி, இறைச்சி தாங்கும். பத்தாம் நாளுக்கு மேல் மற்ற குழுக்கள் டப்பா உணவில் இருப்பார்கள். எங்களிடம் புளிக்காய்ச்சல் இருந்தது, பருப்புப் பொடி இருந்தது, மாவடு இருந்தது. எதற்கும் ஐஸ் தேவையில்லை. பெரிய பிரஷர் குக்கர் ஒன்று எடுத்துப் போனால் எரிவாயு பாதியாக மிச்சம். ஒரே ஒரு கட்டுப்பாடு: யாரும் பாத்திரத்துக்குள் கை விடக் கூடாது, கரண்டிதான். வயிற்றுப்போக்கு ஒருவரிடம் தொடங்கினால் மூன்று நாளில் குழு முழுக்கப் படுத்துவிடும். பாத்திரம் கழுவ நான்கு வாளி, கடைசி வாளியில் பிளீச். சாப்பிடுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், இதில் சலுகை வேண்டாம்.

குடிநீர் ஆற்றிலிருந்துதான். பரியா, லிட்டில் கொலராடோ என்ற இரண்டு கிளையாறுகள் கலக்கும் இடங்களுக்குக் கீழே மழைக்காலத்தில் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும், ஃபில்டரை நேராகப் போட்டால் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். வாளியில் பிடித்து, துளி படிகாரம் கலக்கி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஊரில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பார்களே, அதே வேலைதான். காலையில் மேல்தண்ணீரை மட்டும் மெல்ல ஊற்றி ஃபில்டர் செய்யலாம்.

7. உடம்பும் பழக்கமும்

இந்த ஆற்று நீர், மேலே இருக்கும் கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வருகிறது. லீஸ் ஃபெரியில் கோடையிலும் சில்லென்றிருக்கும். ஏரியின் மட்டத்தைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். குளிரில் விழுந்ததும் முதலில் மூச்சு திணறும், கை சொன்னபடி கேட்காது. அதனால் நீச்சல் தெரியும் என்பதோடு நின்றுவிடாமல், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குளிர்ந்த நீரோட்டத்தில் விழுந்து, நீந்தி, எறிகயிற்றைப் பிடித்து ஏறிப் பழகுங்கள். இதை ஒரு முறையாவது செய்யாதவரை நான் படகில் ஏற்ற மாட்டேன்.

கயாக் ஓட்டுபவர்களுக்கு ஒரே கேள்வி: அலைக்குள் கவிழ்ந்தால், படகை விட்டு வெளியே வராமல், அப்படியே உருண்டு நிமிர முடியுமா? குளத்தில் பத்துக்குப் பத்து வந்தால் போதாது, ஓடும் நீரில் வர வேண்டும். வரவில்லை என்றால் ராஃப்ட்டில் வாருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. கயாக்கில் வரும் நல்ல ஓட்டுநர்கள் மூவர் இருந்தால் அவர்களே குழுவின் காவலர்கள், விழுந்தவரை முதலில் எட்டுவது அவர்கள்தான்.

8. லீஸ் ஃபெரியில் இரண்டு நாள்

ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். முந்திய நாளே போய்ப் படகுகளில் சாமானை ஏற்றிக் கட்ட வேண்டும். நாங்கள் மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டோம், எட்டு மணி நேரம் ஆயிற்று. எது எந்தப் பெட்டியில் என்று ஒருவர் நோட்டில் எழுதட்டும். படகு கவிழ்ந்தாலும் எதுவும் கழலாதபடி ஒவ்வொன்றையும் பட்டையால் கட்டுங்கள். தொங்கும் கயிறு எங்குமே இருக்கக் கூடாது, விழுந்தவரின் காலில் சுற்றிக்கொள்ளும். மறுநாள் காலையில் ரேஞ்சரின் விளக்கக் கூட்டம், எல்லோரும் இருக்க வேண்டும். நேரத்துக்கு வராதவருக்காகப் பயணம் காத்திருக்காது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

9. ஆற்றில் அன்றாடம்

மேட்டூரில் இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு என்று செய்தியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சீக்கிரம் புரியும். கிளென் கேன்யன் அணையில் மின்தேவைக்கேற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார்கள். அதனால் ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும். அணையிலிருந்து தூரம் கூடக் கூட, ஏற்றம் வந்து சேரும் நேரமும் தள்ளிப் போகும். இரண்டாம் நாள் ராத்திரி அழகாகக் கரையோரம் கட்டிவிட்டுத் தூங்கினோம். காலையில் எழுந்தால் தண்ணீர் பத்தடி தள்ளி ஓடுகிறது, ஒரு டன் எடையோடு ராஃப்ட் மணலில் கிடக்கிறது. 12 பேரும் சேர்ந்து தள்ள ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் கரையோரம் ஒரு குச்சியை நட்டு, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டினோம், ராத்திரியில் ஒருவர் எழுந்து கயிற்றைச் சரிபார்ப்பார்.

கழிப்பறை விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசிவிடலாம். மலத்தை மூடிபோட்ட பெட்டியில் சேர்த்து, கடைசி நாள் வரை படகிலேயே சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். சிறுநீர் மட்டும் ஆற்றில்தான் போக வேண்டும், கரையில் போகக் கூடாது. ஆற்றைத் தாயாக நினைத்து வளர்ந்த எனக்கு இதற்கு மனம் ஒப்பவே இல்லை. ஆனால் மழை அதிகம் பெய்யாத அந்தச் சின்னச் சின்ன மணல்திட்டுகளில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் தங்குகிறார்கள். கரையில் போனால் அது அங்கேயே தங்கி நாறும், பேராற்றில் கரைந்துவிடும். அந்தக் காரணம் புரிந்த பிறகு ஏற்றுக்கொண்டேன். பாத்திரம் கழுவிய நீரையும் சல்லடையில் வடிகட்டித்தான் ஆற்றில் விட வேண்டும், சக்கை குப்பைப் பைக்கு. நெருப்பு மூட்டினால் தட்டில் மட்டும், சாம்பலும் கூடவே வரும்.

நடுவில் ஆள் மாற வேண்டும் என்றால் 88-ஆவது மைலில், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ஃபான்டம் ராஞ்ச் தங்குமிடம். அங்கிருந்து பிரைட் ஏஞ்சல் பாதையில் மேலே ஏற சுமார் 16 கிலோமீட்டர், 1,300 மீட்டருக்கு மேல் ஏற்றம். பாதை மூடப்பட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். ஏறுபவர் பெயரும் இறங்குபவர் பெயரும் இரண்டுமே பட்டியலில் இருக்க வேண்டும்.

10. ரேபிட்கள்

இங்கே ரேபிட்களின், அதாவது நீர் பாறைகளுக்கிடையே வேகமாகக் கொந்தளித்து ஓடும் இடங்களின், கடினத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்கிறார்கள். நீர்மட்டம் மாறினால் எண்ணும் மாறும். 17-ஆவது மைலில் ஹவுஸ் ராக் முதல் பரீட்சை, நீரோட்டம் இடது பக்கத்துக்கே இழுக்கும், ஆரம்பத்திலிருந்தே வலது பக்கமாகத் துடுப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 77-ல் ஹான்ஸ், நீர் குறைந்தால் பாறைக் காடு. 98-ஐ ஒட்டி க்ரிஸ்டல், அதையும் வலப்பக்கமாகவே கடந்தோம். பெட்ராக் என்ற இடத்தில் நடுவில் பெரிய பாறை, அதன் வலப்பக்கம்தான் போக வேண்டும், இடப்பக்கம் அகப்பட்டால் வெளியே வருவது பெரும்பாடு.

புதியவர்கள் எல்லாப் பெரிய ரேபிட்டுக்கும் மேலே கரையில் இறங்கி, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது: கீழிருந்து மேலாகப் பாருங்கள். முடிவில் படகு எங்கே இருக்க வேண்டும், அதற்கு நடுவில் எங்கே இருக்க வேண்டும், அதற்கு எங்கே நுழைய வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். பிறகு படகிலிருந்து பார்க்கும்போது அந்த இடத்தை அடையாளம் காட்டும் ஒரு பாறையையோ நுரை வரியையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தெரிவது வேறு, நீர்மட்டத்திலிருந்து தெரிவது வேறு.

179-ஆவது மைலைத் தாண்டியதும் லாவா ஃபால்ஸ். கறுத்த எரிமலைப் பாறை மேல் ஏறி நின்றால் காலடியில் தரை அதிர்வது தெரியும். நடுவில் நீர் ஒரு படியாக விழுந்து தனக்குள்ளேயே சுருட்டிக்கொள்கிறது. எதையும் அதற்குள் விடக் கூடாது. நாங்கள் வலது வழியைத் தேர்ந்தோம். 45 நிமிடம் நின்று பார்த்தோம், மிதந்து வந்த ஒரு கட்டை எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தோம். முதல் ராஃப்ட் உள்ளே நுழைந்து மறைந்தது, பிறகு நீர்ச்சுவருக்கு மேல் அதன் மூக்கு மட்டும் எழுந்தது. மூன்றாவது ராஃப்ட்டில் நான் இருந்தேன். படகின் இடது பக்கக் காற்று டியூப் உயர்ந்தபோது ‘ஹை சைடு’ என்று ஓட்டுநர் கத்தினார், மூன்று பேரும் உயர்ந்த பக்கத்தில் பாய்ந்து உடம்பைச் சாய்த்தோம், படகு நிமிர்ந்தது. இந்தப் பாய்ச்சலை அமைதியான நீரில் தினமும் பழகியிருந்தோம். சத்தம் கேட்டதும் யோசிக்காமல் உடம்பு போக வேண்டும்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும். கால்களை உயர்த்தி, நீர் ஓடும் திசையில் நீட்டி, அலையின் பள்ளத்தில் மூச்செடுங்கள். ரேபிட் அடங்கியதும் கரையை நோக்கியோ படகை நோக்கியோ முழு பலத்தோடு நீந்துங்கள். ஒரு படகு கடந்ததும் கீழே ஓரத்தில் ஒதுங்கி அடுத்த படகுக்காகக் காத்திருக்க வேண்டும். பயந்தவர் யாராவது இந்த ரேபிட்டை நான் நடந்தே கடக்கிறேன் என்றால், நடக்க இடம் இருக்கும் இடத்தில் நடக்க விடுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

11. கரையேறுதல்

டயமண்ட் க்ரீக் இடது கரையில். முந்திய இரவு பக்கத்திலேயே தங்கி, காலையில் சீக்கிரம் போய்ச் சேருங்கள், மற்ற குழுக்களோடு ஒரே சரிவில் இடம் பகிர வேண்டியிருக்கும். வெளியே போகும் மண்சாலை ஓடைப்படுகையிலேயே போகிறது, மழை பெய்தால் வண்டி வராது. அதனால் திரும்பும் விமானத்தை அன்றைக்கே போடாதீர்கள், ஒரு முழுநாள் இடைவெளி விடுங்கள். எங்கள் குழுவில் இருவர் அன்று மாலைக்கே டிக்கெட் போட்டிருந்தார்கள், வண்டி நான்கு மணி நேரம் தாமதம், டிக்கெட் போனது.

இன்னும் கீழே, 280-ஆவது மைலில் பியர்ஸ் ஃபெரி வரை போக நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அந்தக் கரையேறும் இடத்தைத் தாண்டியதும் மிக ஆபத்தான ரேபிட் இருக்கிறது. அங்கே ஒரு படகும் தவறிக் கீழே போகக் கூடாது, கயிறு பிடிக்க ஆளை முன்பே கரையில் இறக்கிவிடுங்கள்.

கடைசி வேலை, பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பழைய நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தொலைந்த ஒவ்வொரு பட்டைக்கும் பணம் பிடிப்பார்கள். கழிப்பறைப் பெட்டியைச் சுத்தம் செய்வதும் வாடகையில் அடங்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் அங்கே நின்று வாதாட வேண்டியிராது.